நேராகத் தொங்கின என்றேன்

இன்று காலை ஆய்வுக்கூடத்து மர அலமாரியைத் திறந்ததும் அந்த நெடி வந்தது. எபொனைட் என்கிற கெட்டி ரப்பர்த் தடி பழசானால் அதிலிருந்து கிளம்புமே, கந்தகமும் கருகின ரப்பரும் கலந்தாற்போல, அதுதான். இப்போது படிக்கிற பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொள்கிறார்கள். உனக்கு மட்டும் அது பிடிக்கும். "தீபாவளிக்கு மறுநாள் உங்க கோட்டைக்குள்ள அடிக்குற மணம்ட்டி இது" என்று சொல்லி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தடியைத் தேய்க்கத் தொடங்குவாய். அலமாரிக் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் நேற்று நடந்தது. ஆனால் அதை மட்டும் தனியாகச் சொல்ல முடியவில்லை. முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரியாதது இதில் கொஞ்சம்தான், பொறுத்துக்கொள்.

பௌதிக வகுப்பில் பெண்கள் நாம் இரண்டே பேர். நான் திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து நடந்து வருவேன். நீ நாகர்கோவிலிலிருந்து வந்து, மிஷன் விடுதியில் தங்கிப் படித்தாய். ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து நிற்க வேண்டாம் என்று ஜன்னலோரத்து மேசையை நமக்கென்று ஒதுக்கினார்கள். அதனால் மூன்று வருஷமும் நீதான் எனக்குத் துணை, நான்தான் உனக்கு. முதல் நாளே நீ கேட்டாய்: "ஏட்டி, ஒனக்கு பூனைத்தோல் தொடலாமா?"

தொடக்கூடாது. எபொனைட்டைப் பூனைத்தோலால் தேய்த்தால்தான் ஒரு வகை மின்னூட்டம் வரும் என்று எங்கள் வீட்டில் யாரிடம் சொல்ல முடியும்? கண்ணாடித் தடியைப் பட்டால் தேய்த்தால் மற்ற வகை. பட்டு மடித் துணி. அதில் தோஷம் இல்லை. நாம் அப்போதே பங்கு பிரித்துக்கொண்டோம். தோல் உன்னுடையது, பட்டு என்னுடையது. அம்மாவிடம் பழைய பட்டுப்புடவையில் ஒரு துண்டு கேட்டேன். "எதுக்குடி?" என்றாள். கண்ணாடியைத் தேய்க்க என்றேன். "கண்ணாடி தேய்க்கப் பட்டா! நன்னாருக்கு. பாத்திரம் தேய்க்கச் சரிகை வேணும்னு கேட்டுடாதே" என்று சொல்லிக் கிழித்துக் கொடுத்தாள். இதை உன்னிடம் சொன்னபோது மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாய்.

திருவனந்தபுரத்தில் நிலைமின்சாரம் படிப்பது லேசான காரியம் அல்ல. காற்றில் எப்போதும் ஈரம். தடியில் ஏற்றின மின்னூட்டம் கையை எடுப்பதற்குள் கசிந்துவிடும். தையும் மாசியும்தான் நமக்குக் கிடைத்த மாதங்கள். அதிலும் கடல்காற்று திரும்புவதற்கு முந்திய காலை நேரம். கும்முட்டி அடுப்பில் கரி போட்டு, அதன் பக்கத்தில் தடி, பட்டு, தோல் எல்லாவற்றையும் காய வைப்போம். "எங்க நாரோயில்ல இந்தப் பாடு இல்ல. ஆரல்வாய்மொழி காத்து அடிச்சா அப்பளம்கூட மின்சாரம் பிடிக்கும்" என்று பெருமை அடித்துக்கொள்வாய்.

கடைசி வருஷம் மாசியில் அந்தப் பரிசோதனையைச் செய்தோம். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்று. புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: உலோகத் தகடு மின்விசைக்குத் திரை. அந்த வரியைப் படித்ததிலிருந்து உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "திரைன்னா என்ன அர்த்தம்? நடுவுல தகடு வந்தா அங்க இருக்குற ஏற்றத்துக்க பலம் இங்க எட்டாதா? அறுந்துபோயிருமா? எப்படி அறுக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

இரண்டு நெட்டி உருண்டைகளை ஈயத்தாளில் சுற்றி, பட்டுநூலில் கட்டி, நாலு விரல் இடைவெளியில் தொங்கவிட்டோம். ஒன்றுக்கு என் கண்ணாடித் தடியிலிருந்து ஏற்றம். மற்றதற்கு உன் எபொனைட்டிலிருந்து. எதிரெதிர் வகை ஆனதால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நின்றன. பிறகு ஒரு பிஸ்கோத்து டின்னின் பெரிய மூடியை இரண்டு பட்டுநூலில் தூக்கிப் பிடித்து, இரண்டுக்கும் சரியாக நடுவில் நான் மெதுவாக இறக்கினேன். புத்தகப்படி பார்த்தால் இழுப்பு அறுந்து, உருண்டைகள் நேராகத் தொங்க வேண்டும்.

அவை அசையவே இல்லை. முன்பு எப்படிச் சாய்ந்திருந்தனவோ அப்படியே சாய்ந்து நின்றன.

"கண்ணாடி வெளிச்சத்தை விடற மாதிரி விடறதுடி. தகரம் ஒண்ணும் தடுக்கலை" என்றேன் நான்.

நீ மூடியைக் கொஞ்சம் உன் பக்கம் நகர்த்தச் சொன்னாய். நகர்த்தினேன். உன் உருண்டை அதிகமாகச் சாய்ந்தது, என்னுடையது நிமிர்ந்தது. நீ இரண்டு உருண்டைகளையும் விரலால் தொட்டு ஏற்றத்தை இறக்கிவிட்டாய். "இப்ப ரெண்டுக்கும் ஒரே வகை குடுப்போம்" என்றாய். இரண்டுக்கும் எபொனைட்டிலிருந்தே கொடுத்தோம். ஒன்றையொன்று தள்ளி, வெளிப்பக்கமாக விலகி நின்றன. நடுவில் மூடியை இறக்கியதும் இரண்டும் திரும்பி, உள்பக்கம் மூடியை நோக்கிச் சாய்ந்தன.

நீ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாய். உன் முகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது.

"தகடு எதையும் விடவும் இல்ல, அறுக்கவும் இல்லட்டி. அது தன் பாட்டுக்கு ரெண்டையும் இழுக்குது. உருண்டை பக்கத்துல வந்ததும் தகட்டுக்குள்ள இருக்குற மின்சாரம் இடம் மாறுது. எதிர் வகை இங்க வருது, அதே வகை அந்தால போகுது. அந்த இழுப்பு புதுசு. ஒரு உருண்டை மத்ததுமேல செலுத்துற விசை முன்ன இருந்த மாதிரியே இருக்கு. நாம பாக்குறது எல்லாம் சேந்த கணக்கு."

"அப்போ முதல்ல ஏன் ஒண்ணுமே மாறலை?"

"சரியா நடுவுல பிடிச்சியே, அதனால. தகடு இழுத்ததும் தள்ளினதும் சரிக்குச் சரியா அமைஞ்சு போச்சு. நகத்தினதும் மாறிச்சு பாத்தியா?"

அதற்குப் பிறகு மூடியில் செம்புக் கம்பி சுற்றித் தண்ணீர்க் குழாயில் கட்டி, பூமியோடு சேர்த்துப் பார்த்தோம். அப்படிக் கட்டிய பின் ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு போனாலும் மற்றது அசையவில்லை. அந்தப் பக்கத்தில் நடப்பது இந்தப் பக்கத்துக்குத் தெரியாமல் போய்விட்டது. புத்தகம் திரை என்று சொன்னது இதைத்தான். அதுவும் பொய் இல்லை. ஆனால் அப்போதும் நின்ற உருண்டை மூடியை நோக்கிச் சாய்ந்துதான் நின்றது, நேராகத் தொங்கவில்லை. பத்து மணிக்குக் கடல்காற்று வந்து எல்லாவற்றையும் கெடுக்கும்வரை மாற்றி மாற்றிச் செய்தோம். எனக்கு நன்றாகவே புரிந்தது. பின்னால் நான் செய்ததற்குப் புரியாமை காரணம் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நீ அதை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாய். 'நானும் என் தோழியும் பார்த்தது' என்று மேலே போட்டிருந்தாய். பாடத்தில் இல்லையே என்று நான் என் நோட்டில் எழுதவில்லை.

என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். நான் மூல நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம் என்று வந்த ஜாதகமெல்லாம் திரும்பிப் போயிற்று. வரன் அமையும்வரை படிக்கட்டும் என்றுதான் அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்தப் பங்குனியில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. மூலம் பரவாயில்லை என்றார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயசு. முதல் தாரத்துக் குழந்தைகள் மூன்று பேர்.

அப்பா கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "முதல் கிளாஸ் வந்தா காலேஜ்லயே டெமான்ஸ்டிரேட்டர் வேலை ஆகும்னு உங்க புரொபசர் சொன்னாராக்கும். அது கிடைச்சா நான் அவாளுக்கு வேண்டாம்னு எழுதிடறேன். இல்லைன்னா எனக்கு வேற வழி இல்லை, கேட்டயா? நான் எத்தனை நாள் இருப்பேன்?"

உனக்கும் அந்தப் பரீட்சைதான் வாசல். முதல் வகுப்பு வந்தால் சென்னைக்கு அனுப்பி எம்.ஏ. படிக்க வைப்பதாக உங்கள் சபையில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். சென்னை ஆய்வுக்கூடத்தில் ஈரத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எல்லாம் செய்யலாமாம் என்று கண் விரியச் சொல்லுவாய்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பரீட்சகர் வந்தார். உன்னை முதலில் கூப்பிட்டார். நான் வராந்தாவில் நின்றேன். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. உன் நோட்டின் கடைசிப் பக்கத்தை அவர் பார்த்துவிட்டார். எதிரெதிர் ஏற்றங்களுக்கு நடுவே உலோகத் தகடு வைத்தால் விசை என்ன ஆகும் என்று இங்கிலீஷில் கேட்டார். ஒன்றின்மேல் மற்றதின் விசை மாறாது, தகடு தன் விசையைச் சேர்க்கும் என்றாய். உலோகம் திரை என்று நீ படித்ததில்லையா என்றார். படித்திருக்கிறேன், செய்தும் பார்த்தேன் என்றாய். போதும் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்து நான். உன் நோட்டு அவர் முன்னால் விரித்தபடி இருந்தது.

"தோழி என்று எழுதியிருக்கிறதே, அது நீதானா?"

"ஆமாம், சார்."

"தகட்டை வைத்ததும் நீ பார்த்தது என்ன? உருண்டைகள் நேராகத் தொங்கினவா, இல்லையா?"

அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. களைப்புதான் இருந்தது. அவருக்கு வேண்டிய பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. எனக்கு அம்பாசமுத்திரம் ஞாபகம் வந்தது.

"நேராகத் தொங்கின, சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உன் நோட்டில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதைவிடப் பெரிய குற்றம் விஞ்ஞானத்தில் இல்லை, அம்மா" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்! நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு முதல் வகுப்பு வந்தது. உனக்குச் செய்முறையில் குறைந்து இரண்டாம் வகுப்பு. முடிவு வெளியான அன்று கல்லூரி வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ தப்பிச்சியே, அது போதும்ட்டி" என்றாய். அம்பாசமுத்திரத்தை நினைத்துச் சொல்கிறாய் என்று நான் எண்ணிக்கொண்டேன். அப்பா அன்று மாலையே அவர்களுக்குக் கடிதம் எழுதினார். நீ சென்னைக்குப் போகவில்லை. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாய்.

வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாரத்தில் உன் கடிதம் வரும். பள்ளிக்கூடம், அம்மாவின் மூட்டுவலி, தோவாளைப் பூ, மழை எல்லாம் இருக்கும். நானும் எழுதுவேன். சென்னையைப் பற்றி நீ எழுதமாட்டாய், நான் கேட்கமாட்டேன். கல்லூரியில் டெமான்ஸ்டிரேட்டராக நின்று நூறு பெண்களுக்காவது நிலைமின்சாரம் சொல்லிக்கொடுத்திருப்பேன். தகடு வைக்கிற பரிசோதனையை மட்டும் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. யாராவது கேட்டால், புத்தகத்தில் இருக்கிறதே, உலோகம் திரை என்று சொல்லி அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

படிப்பு முடிந்து ஒன்பதாம் வருஷம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் கடிதத்தில் நீ எழுதியிருந்தாய்: 'என் வகுப்புப் பெண்களுக்கு மூடியை வைத்துக் காட்டினேன். ஒருத்தி நம்பவில்லை. திருவனந்தபுரத்தில் என் தோழி இருக்கிறாள், அவள் சாட்சி என்று சொல்லியிருக்கிறேன்.'

அந்தக் கடிதத்தை மடிக்க முடியவில்லை எனக்கு. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கரி உலை வைத்த பஸ். நெய்யாற்றின்கரையில் ஒருமுறை, குழித்துறை ஏற்றத்தில் ஒருமுறை நிறுத்தி, கண்டக்டர் இறங்கி உலையைக் கிண்டினார். போய்ச் சேர்வதற்குள் புடவையெல்லாம் கரித்தூள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் கட்டிக்கொண்டு போன வார்த்தைகள் தக்கலையிலேயே தீர்ந்துவிட்டன.

நீ வீட்டு வாசலில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரும் ஒரு தட்டில் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்தாய். "அம்மா சுட்டது. திங்கமாட்டேன்னு சொல்லாத, கரி தின்னுட்டு வந்திருக்க" என்றாய். தின்றேன். தின்று முடிக்கிறவரை நீ தாள் திருத்திக்கொண்டிருந்தாய்.

"அன்னிக்கு வைவாவுல..." என்று தொடங்கினேன்.

"ம்."

"கம்பியைப் பூமியில கட்டினா ஒரு ஏற்றம் மத்ததுக்குத் தெரியாம போயிடறது இல்லையா, அந்த அர்த்தத்துல பாத்தா அவர் கேட்டதுக்கு..."

"ஏட்டி, நில்லு. பௌதிகம் பொறவு பேசுவோம். தகட்ட வச்சதும் நாம என்ன பாத்தோம்?"

"சாஞ்சே நின்னுது."

"நீ என்ன சொன்ன?"

"நேராத் தொங்கித்துன்னு."

"ஏன் அப்படிச் சொன்ன?"

உள்ளே உன் அம்மா உரலில் ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பயந்தேன்."

"அதச் சொல்லு. அதுக்கு எதுக்கு பௌதிகத்த இழுக்க?"

அப்போதுதான் உறைத்தது. நீ என்னிடம் என்ன சொன்னேன் என்று கேட்டாயே தவிர, ஆச்சரியப்படவில்லை. "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

உன் முறை முடிந்ததும் தடிகளைத் துடைத்து வைக்கப் பக்கத்து இருட்டறைக்குள் போயிருந்தாயாம். நடுவில் கறுப்புத் துணித் திரை மட்டும்தான். அவர் கேட்டது, நான் சொன்னது, சிவப்புப் பென்சில் கிழித்த சத்தம், குற்றம் என்று அவர் சொன்னது எல்லாம் கேட்டதாம். அடுத்த பையன் உள்ளே வரும்வரை அங்கேயே நின்றாயாம்.

"தெரிஞ்சுமா ஒன்பது வருஷம் லெட்டர் போட்டே?"

"போடாம இருந்தா நீ எப்படி வந்து சொல்லுவ?"

நான் அழுதேன். நீ அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. "எனக்கு ரெண்டு வருஷம் ஒனக்க மேல தீராத கோவம். மெட்ராஸ் போயிருந்தா என்னமாவது செஞ்சிருப்பேன். அது போச்சு. நஷ்டமே இல்லன்னு சொன்னா நான்தான் பொய் சொல்லுகேன்னு ஆகும். ஆனா இந்தப் பிள்ளைங்க எனக்கு ஒத்து வந்துட்டாங்க. இப்ப என்னைய கூப்பிட்டாலும் போவேனான்னு தெரியல்ல" என்றாய். மன்னிப்பு என்று நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டித் தடுத்தாய். "அந்த வார்த்தைய வச்சு முடிச்சுக் கட்டாத. லீவுக்கு லீவு வந்துட்டுப் போ. அது போதும்."

பஸ் ஏற்றிவிட வந்தபோது கடைசியாக ஒன்று கேட்டாய். "உங்க லேப்ல இப்ப பிள்ளைங்க என்ன எழுதுதாங்க? நேரா தொங்குச்சுன்னா?"

நான் அந்தப் பரிசோதனையையே செய்வதில்லை என்று சொன்னேன். உன் முகம் அப்போதுதான் வாடியது. நான் உனக்குச் செய்ததைவிட அது உனக்குப் பெரிதாகப் பட்டது போலும். "செய்யிட்டி" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "பட்டியலை இனி மாற்ற முடியாது, அம்மா. பரிசோதனையை நடத்து" என்றார். அந்த மாசியிலிருந்து நடத்துகிறேன். அப்பாவிடம் சொல்ல எனக்கு மேலும் ஒரு வருஷம் பிடித்தது. முதல் வகுப்புப் பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். கேட்டுவிட்டு விசிறியைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த லெட்டரை நான் முதல்லயே எழுதிப் போட்டிருக்கணும்" என்றார். அம்பாசமுத்திரத்துக்கு எழுதினதைத்தான் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது உனக்கு நான் எழுதவில்லை. நேரில் சொல்லலாம் என்றிருந்தேன், ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போய்விட்டது.

லீவுக்கு லீவு வந்தேன். மூன்று வருஷம். பேசினதெல்லாம் எழுத இடம் போதாது. போன ஆடியில் உனக்கு விஷஜுரம் என்று உன் அம்மா யாரையோ கொண்டு எழுதின கார்டு, மழையில் பாலம் உடைந்து பஸ் நின்றதால் ஐந்து நாள் கழித்து என் கைக்கு வந்தது. நான் வந்து சேர்ந்தபோது கல்லறைமேல் மண் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. உன் அம்மா என்னைக் கண்டதும், "வந்திட்டியா மக்களே" என்றார்கள். உன் வகுப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே நின்றார்கள். அதில் உயரமான ஒருத்தி வந்து, "டீச்சர் சொன்ன சாட்சி நீங்கதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அதற்கு நான் உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இனி நேற்று நடந்தது. நேற்றுச் செய்முறைத் தேர்வு. இந்த வருஷம் நானே ஒரு பரீட்சகர். என்னோடு வெளியிலிருந்து வந்த ஒருவரும் இருந்தார். சாலைத் தெருவிலிருந்து வருகிற ஒரு பெண், கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. பூமியோடு கட்டாத, மூடின தகர டின்னுக்குள் ஒரு மின்னூட்டத்தை வைத்தால் வெளியே இருக்கிற உருண்டைக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது டீச்சரே. டின் ஒளிச்சு வச்சிரும். வெளியில ஒண்ணும் எட்டாது" என்று டாண் என்று சொன்னாள்.

தவறான பதில். டின் பூமியோடு சேராமல் தனியாக இருந்தால், உள்ளே இருக்கிற ஏற்றம் அத்தனையும் வெளிச்சுவரில் தெரியத்தான் செய்யும். கூட இருந்தவர் தவறு என்று முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். வரிசையில் இன்னும் பதினோரு பேர் நின்றார்கள். கடல்காற்று திரும்ப அரை மணி நேரம்கூட இல்லை. நான் எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனேன். டின் எடுத்துக் கொடுத்தேன், மின்சாரம் இறங்காத மெழுகுப் பலகை கொடுத்தேன். "செஞ்சு காட்டும்மா" என்றேன். கூட இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் டின்னைப் பலகைமேல் வைத்தாள். தடியைத் தேய்த்து ஒரு பித்தளைக் குண்டுக்கு ஏற்றம் கொடுத்து, பட்டுநூலில் கட்டி உள்ளே இறக்கி, மூடினாள். வெளியே தொங்கின உருண்டையைப் பார்த்தாள். முதலில் ஒன்றும் இல்லை. மின்னூட்டம் வழியிலேயே கசிந்திருக்க வேண்டும். அவள் முகம் மலர்ந்தது. "மறுபடி ஒருக்க செய்யட்டா?" என்று அவளே கேட்டு, தடியைக் கரியடுப்பில் நன்றாகக் காய்ச்சி மறுபடியும் செய்தாள். இந்தத் தடவை உருண்டை டின்னை நோக்கித் தெளிவாகச் சாய்ந்தது.

அவள் குனிந்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அய்யோ, நான் சொன்னது தப்பாப் போச்சல்லோ டீச்சரே! டின் ஒண்ணையும் ஒளிக்கல்ல!" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூட இருந்தவரும் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்து பார்த்தார்.

அவளுக்கு அந்தக் கேள்விக்கு மதிப்பெண் குறைந்துதான் போயிற்று. அதில் நான் தலையிடவில்லை. அவளும் கேட்கவில்லை. மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, போகும்போதும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

அந்த அறையில் நான் படித்த வருஷங்களும் வேலை பார்த்த வருஷங்களும் சேர்ந்து பதினாறு ஆகிறது. தப்பாகச் சொல்லிவிட்டு ஒரு பெண் பயமில்லாமல் சிரித்ததை நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.